ஐந்தாவது தலை

கொச்சிப் பக்கம் பள்ளுருத்தியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் ஆசிரியை. மக்கள்தொகைப் பாடம் வரும்போது கரும்பலகையில் எழுதிப் போடுவேன்: பிறந்தவர்களைக் கூட்டு, இறந்தவர்களைக் கழி, வந்தவர்களைக் கூட்டு, போனவர்களைக் கழி. பிள்ளைகள் சமர்த்தாக எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கை ஒருமுறை நானே கெடுத்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மட்டாஞ்சேரியில் எங்களுடையது லைன் வீடு. நீளமாக ஒரே கூரை, அதன் கீழே பதினான்கு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். கம்பம் பக்கத்திலிருந்து மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்க வந்த ராவுத்தர் வழி நாங்கள். அடுத்த அறையில் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி குடும்பம். சின்னத்தா ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். சின்னம்மாதான் பிள்ளைகளோடு இருந்தாள். கடைசி அறையில் வங்காளத்துப் பையன்கள் எட்டுப் பேர், பாய் நாலு. நாலு பேர் வேலைக்குப் போனால் மற்ற நாலு பேர் படுத்துத் தூங்குவார்கள். ஆள் போகப் போக ஆள் வந்துகொண்டே இருந்தது, இடம் மட்டும் கூடவே இல்லை.

மழை வலுத்தால் ஓடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டில் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து மேலே உட்கார்ந்திருப்போம். அப்படியொரு மழையில்தான் சின்னம்மாவின் மூத்த மகள் எலிக்காய்ச்சலில் போனாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அவ்வளவுதான். ரேஷன் கார்டில் அவள் பெயரை வெட்டிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னம்மாவுக்குக் கால் எழவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டபடியே இருந்தாள்.

மறு வருஷம், லைன்காரர்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரே நிபந்தனை, ஓர் அறையில் ஐந்து தலையாவது இருக்க வேண்டும். ஒரு நாள் ஆபீஸிலிருந்து சார் வந்து எண்ணுவார், வெளிநாட்டில் இருக்கிற ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்துக்குக் கீழே என்றால் அதே அறை, அதே ஓடைத் தண்ணீர். இதைக் கேட்டுவிட்டு லைன் சும்மா இருக்குமா? பிள்ளைகளை இரவல் கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். சீனியும் தேயிலையும் கைமாறுகிற அதே வாசல்கள்தானே. ஒரு பையனுக்கு எண்ணுகிற அன்றைக்கு மட்டும் மூன்று வீட்டில் மூன்று வாப்பா. பின்பக்கச் சந்து வழியாக ஓடி, சட்டையை மாற்றிக்கொண்டு நின்றால் போதும்.

எங்கள் வீட்டில் ஆறு தலை, ஒன்று உபரி. அந்த உபரி நான். சின்னம்மா வீட்டில் சின்னத்தாவையும் இரண்டு தம்பிகளையும் சேர்த்து நாலுதான் தேறியது.

அத்தா சின்னம்மா வாசலில் நின்று சொன்னார்: "கார்டுல பேரு கெடக்கு. ஆளு மட்டும் நின்னாப் போதும். இவள அனுப்புறேன்."

"அவளாட்டமா?" என்று சின்னம்மா கேட்டாள்.

"அந்த ரெண்டு பயலுகள நெனச்சுப் பாரு. அடுத்த மழை வருது."

சின்னம்மா உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்தாள். அத்தா என் பக்கம் திரும்பினார். "சாரு கேட்டா ஒம் பேரச் சொல்லப்பிடாது, அக்கா பேரத்தான் சொல்லணும். எந்தக் கிளாஸுன்னா அஞ்சு. கேட்டியா?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி நாடகத்தில் மரமாகக்கூட நிற்க வைக்காத என்னைத் தேடி வேஷம் வந்திருக்கிறது.

கணக்கெடுக்கும் நாள் காலையில், வம்பு எதற்கு என்று வாடகை வாங்கும் வீட்டுக்காரர் வங்காளத்துப் பையன்களைக் கடற்கரைக்கு விரட்டிவிட்டு அந்த அறையைப் பூட்டிவிட்டார். சின்னம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பச்சை கவுனை எடுத்தாள். அக்கா ஒரே ஒரு பெருநாளைக்குப் போட்டது. எனக்கு மாட்டிவிட்டுத் தலை பின்னினாள். பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடி பின்னினாள். வலிக்கிறது என்று சிணுங்கினேன், அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கணக்கெடுப்பவர் குடையோடு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்தார். கார்டைப் பார்த்தபடி, "மோளுடெ பேரெந்தா?" என்றார். அக்கா பெயரைச் சொன்னேன். எந்த வகுப்பு என்றார். அஞ்சு என்றேன். அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சிலோ? தீரெ செறுதாணல்லோ."

அஞ்சாம் வகுப்புக்கு ரொம்பச் சின்னவளாகத் தெரிகிறேனாம். வாசலில் நின்ற அத்தாவின் முகம் செத்துவிட்டது. நான் விடுவேனா?

"பனி வந்நு சாரே. ஆஸ்பத்திரியில் கிடந்நு, மெலிஞ்ஞு போயி. இப்போ மாறி."

காய்ச்சல், ஆஸ்பத்திரி, இப்போது குணம். யாரும் சொல்லிக்கொடுக்காத வசனம், முழுக்க என் சொந்தச் சரக்கு. இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கோ பெருமையாகச் சின்னம்மாவைப் பார்த்தேன்.

அவரும் சின்னம்மாவைப் பார்த்தார். "முழுவன் மாறியோ?" முழுசாகக் குணமாகிவிட்டதா என்று கேட்டார்.

சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தா இருமினார். இன்னொரு தடவையும் இருமினார்.

"மாறி, சாரே," என்றாள் சின்னம்மா.

அவர் ஐந்து என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். கடைசி அறையில் பூட்டைப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று குறித்துக்கொண்டார். அத்தா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பழம்பொரி வாங்கப் போனார்.

கவுனின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்த சின்னம்மா பாதியில் நிறுத்தினாள். "இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"சாருகிட்ட சொன்னியே, அத."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். இன்னொரு சார் வரப் போகிறார், அதற்குத்தான் ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது, தம்பிகள் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிடுவாள். கையில் ஒரு பிஸ்கட் கொடுப்பாள். பனி வந்நு, ஆஸ்பத்திரியில் கிடந்நு, இப்போ மாறி. வாய்ப்பாடு மாதிரி மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன். மெதுவாகச் சொல்லு என்பாள். எனக்கு அலுப்பாக வரும்.

பட்டியலில் எங்கள் பெயரும் வந்தது, சின்னம்மா பெயரும் வந்தது. கட்டிடம் எழும்ப மூன்று வருஷமானது. சின்னம்மாவுக்கு மூன்றாவது மாடியில் கிடைத்தது. எந்த மழையும் ஏற முடியாத உயரம். குடிபோன அன்று பானையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனேன். சாமான் எதுவும் பிரிக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பிகள் பால்கனியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வா மோளே. ஒரு தடவ சொல்லிட்டுப் போ."

எனக்குப் பன்னிரண்டு வயது. விவரம் தெரிந்தவள் என்று நினைப்பு. "அதான் வீடு கெடச்சாச்சே, சின்னம்மா. இனி எதுக்கு?"

"ஆமால்ல," என்றாள். எழுந்துபோய்ப் பாத்திர மூட்டையை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. ஒருவழியாக ஒத்திகை முடிந்தது என்ற நிம்மதியில், லிஃப்டில் ஏறிப் பார்க்க ஓடினேன்.