திரை போட்டதால் நின்ற வேன்

பிள்ளைகளை ஏற்றப் போன வேனை நான் சக்கர நட்டுகளை இறுக்காமல் அனுப்பிவிட்டேன். அம்மன் அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

இலங்கையில், தெஹியோவிட்டவில் ஒரு டயர் கடையில் பன்னிரண்டு வருசமாக வேலை. புது டயர் போட்டால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கித்தான் வண்டியை அனுப்புவேன். போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை சுனில் அய்யே வேனைக் கொண்டுவந்தார். சிங்களவர்; அவர்கள் பேச்சில் அண்ணன் 'அய்யே', தம்பி 'மல்லி'. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவர். என் மகளும் அதில்தான் போகிறாள்.

முன் டயர் இரண்டும் மாற்றினேன். ஜாக்கியில் இருக்கும்போது நட்டுகளைக் கையால் திருகி வைப்போம். கீழே இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் போட்டு முழுசாக இறுக்குவோம். வலது பக்கம் இறுக்கினேன். இடது பக்கம் வரும்போது எலுமிச்சங்காய் இல்லாதது ஞாபகம் வந்தது. ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டுக் கடை கடையாக ஓடினேன். ஆடிச் செவ்வாய் பாருங்கள், ஒரு காய்கூட மிச்சமில்லை. திரும்பி வந்தால் அய்யே வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

"பரவால்ல மல்லி, போற வழியில ஒங்க அம்மன் கோயில்ல தேங்காய் ஒடைக்கிறன். பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு."

"சரிங்க அய்யே" என்று நானே கையாட்டி அனுப்பினேன்.

டீ குடிக்க உட்கார்ந்தபோது தரையில் கிடந்த ஸ்பேனர் கண்ணில் பட்டது. இடது பக்கம் இறுக்கவே இல்லை! போன் அடித்தேன், எடுக்கவில்லை. கோயிலைத் தாண்டினால் பெரிய இறக்கம். ஸ்பேனரோடு ஒரு த்ரீவீல் ஆட்டோவில் ஏறினேன்.

"தாயே, சாங்கியம் பார்க்கப் போய்தானே இப்படி ஆச்சு! வேனை நீயே பிடிச்சு வை!" வாய்விட்டு அழுதேன். த்ரீவீல்காரர் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வளைவு திரும்பினோம். கோயில் வாசலில் வேன் நிற்கிறது! அய்யே தேங்காயும் கையுமாகக் கோபத்தோடு நின்றார்.

"என்ன மல்லி இது! திரையப் போட்டுட்டாங்க. சாமிக்கு சீலை மாத்துறாங்களாம். பூசாரி தேங்காய வாங்கவே மாட்டேங்கிறாரு. எவ்வளவு நேரமா நிக்கிறன்!"

நான் இடது சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டு நட்டுகள் விரலாலேயே சுற்றின. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு எழுந்து உண்மையைச் சொன்னேன். அய்யே திட்டவில்லை. சக்கரத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் திரைக்கு முன்னால் கும்பிட்டு நின்றார், பக்கத்தில் நானும். திரை விலகியது. சிவப்புச் சீலையில் என் தாய் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வேலை நிம்மதியாகப் போகிறது. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு "தாயே". எலுமிச்சங்காய் கடைசியில்தான். சாயந்தரம் மகள் வேனிலிருந்து குதித்து இறங்குவாள். "அப்பா, ஏன் தெனமும் டயரையே பாக்குறீங்க?" என்று கேலி பண்ணுவாள்.

உங்களுக்கும் ஒரு தப்பு நடந்திருக்கலாம். மூடி மறைக்காமல் அம்மனிடம் கத்திச் சொல்லுங்கள். அவள் பிடித்து வைப்பாள். நீங்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.