நவம்பர் ஒன்று, சிவப்பிலும் கறுப்பிலும்

கருக்களாச்சேரி மீன்காரி "இப்பத்தான்க்கா கரை ஏறுச்சு" என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே சௌந்தரவல்லி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். சிவப்பாகத்தான் இருந்தது. "சாயம் கீயம் பூசுனியா?" என்றாள். பிறகு அதே மீனைத்தான் வாங்கினாள்.

காரைக்காலில் அவளைத் தெரிந்த யாரும் அவளிடம் எதையும் வற்புறுத்திச் சொல்வதில்லை. எப்படியும் இன்னொருவரிடம் கேட்டு ஒத்துப் பார்க்கத்தான் போகிறாள். வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கணவர் சிவராமன் சொன்னால், உடனே பக்கத்து வயல்காரருக்குப் போன் போகும். பாவம், சிவராமனுக்குப் பழகிவிட்டது. வீட்டுச் சுவரில் நாள்காட்டியே இரண்டு: உள்ளூர் நகைக்கடை கொடுத்தது ஒன்று, நாகப்பட்டினத்து ஜவுளிக்கடை கொடுத்தது ஒன்று. ஒன்றையே நம்பினால் எப்படி?

நவம்பர் முதல் தேதி அந்த இரண்டும் முட்டிக்கொண்டன. பிரெஞ்சுக்காரன் ஆட்சியை விட்டுப்போன விடுதலை நாள் என்று காரைக்கால் தாளில் தேதி சிவப்பு. மொழிவாரி மாநிலமாகத் தமிழ்நாடு பிரிந்ததும் அதே தேதியில்தான். ஆனால் அங்கே லீவு கிடையாது, நாகைத் தாளில் கறுப்பு. ஊரே விடுமுறையில் இருக்க, மகள் சுகிர்தா மட்டும் புதுச் சுடிதாரும் சாப்பாட்டுப் பையுமாக நாகூர் ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்பினாள்.

"நாகை காலண்டரப் பாரும்மா. எங்களுக்கு ஏது லீவு?"

நாகைத் தாளை எட்டிப் பார்த்தாள்; கறுப்புத்தான். ஆனால், வேலைக்குப் போகிறவளுக்கு எதற்குப் புதுச் சுடிதார்? அடுத்த பஸ்ஸில் சௌந்தரவல்லியும் ஏறிவிட்டாள். வாஞ்சூர் எல்லையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது, வங்கி திறந்திருந்தது. மகள் சொன்னது நிஜம்தான் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

ஆபீசும் திறந்துதான் இருந்தது. சுகிர்தாவின் நாற்காலி காலி.

சௌந்தரவல்லி வாயைத் திறக்கும் முன்பே ஆடிட்டர் அம்பலவாணன் ஏறிட்டுப் பார்த்தார். "சுகிர்தாவோட அம்மாதான நீங்க? ஊர்ல விடுதலை நாள் விழா, கட்டாயம் போவணும்னு லீவு கேட்டுச்சே. நீங்க போவலயா?" குரலில் ஒரு மாதிரி இழுப்பு. பொய் சொல்கிற ஆளுக்கு இங்கே வேலையில்லை என்றும் சொல்லிவிட்டு, எதற்கும் சுகிர்தாவையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தார்.

சௌந்தரவல்லி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். வீட்டுக்குக் கறுப்பு, ஆபீசுக்குச் சிவப்பு என்று காட்டிவிட்டு எங்கே போய்த் தொலைந்தாள் பாவி மகள்? யாரோடு? கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை, ஒரு போனில் போய்விடும்.

"கொடியேத்துற எடத்துலதாங்க இருக்கா. நான் இந்தப் பக்கம் வேற சோலியா வந்தேன், எட்டிப் பாத்தேன்" என்றாள். "ஏங்க, எம் பொண்ணையா சந்தேகப்படுறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள், அவர் கையிலிருந்த போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.