லாசர் ஒதுக்கி வைத்த சக்கரங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, எங்கள் பட்டறைக் காவலாளி முனுசாமி சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "சார், நம்ம லாசரு பூட்டாரு. நெஞ்சு வலின்னாராம், தண்ணி கேட்டாராம், அவ்ளோதான்" என்றார். நான் "ஐயோ" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே முதலில் எழுந்தது ஒரு நிம்மதி. இனி அந்த விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற நிம்மதி. லாசரை அறிந்த பட்டறை நண்பர்களான உங்களுக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பவன் இப்படிப்பட்டவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடையாற்றுப் பக்கத்துப் பட்டறையில் அவரும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்தவர். சாணைப் பொறிக்குப் போனார். நான் மயிலாப்பூர்க்காரன், சரிபார்க்கும் மேஜைக்குப் போனேன். காலையில் மந்தைவெளி வழியாக இரண்டு சைக்கிள்களும் சேர்ந்தே போகும். என்னை "ஐயரே" என்பார். வெள்ளிக்கிழமைகளில் கறி தொடமாட்டார். "இன்னிக்கு நானும் உன் கட்சிதான், ஐயரே" என்று சொல்லிக்கொண்டே தூக்கைத் திறப்பார். உள்ளே வஞ்சிரம் மணக்கும். "இது என்னய்யா?" என்றால், "மீனெல்லாம் கணக்குல வராது" என்பார்.

சூடேற்றிக் கடினமாக்கிய எஃகுப் பற்சக்கரங்களை, கடைசியாகச் சாணைக்கல்லில் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. கல் அதிகம் அழுத்தினாலோ, சோப்புத் தண்ணீர் சரியாக விழாவிட்டாலோ பல் சூடாகிக் கருகிவிடும். வைக்கோல் நிறத்திலோ நீலமாகவோ ஒரு கறை தெரியும். அந்த இடத்தில் எஃகு கெட்டுப்போயிருக்கும். வண்டியில் மாட்டி ஓட்டினால் விரிசல் விடும். லாசர் பொறியின் சத்தத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடுவார். வைர முனையால் கல்லின் முகத்தைச் சீவிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். "கல்லு வெட்டணும் ஐயரே. தேய்க்க ஆரம்பிச்சா வேல கெட்டுச்சு" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

யுத்த காலத்தில் கப்பலில் வரவேண்டிய கற்கள் வரவில்லை. எங்கிருந்தோ கிடைத்த கெட்டியான கல் ஒன்றை மாட்டச் சொன்னார்கள். அது அரை மணியில் மழுங்கிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். "இது கல்லா? இஸ்திரிப் பொட்டி" என்றார் லாசர். இருப்பதை வைத்து ஓட்டும்படி மானேஜர் சொல்லிவிட்டார். ராணுவ லாரிகளுக்கான சக்கரங்கள் அவை. கறை விழுந்த ஒரு டஜன் சக்கரங்களை லாசர் பொறிக்குக் கீழே ஒரு சாக்கில் ஒதுக்கி வைத்து, "இத்தயெல்லாம் அனுப்பாதே. உள்ள வெந்துகீது" என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் சரக்கு போயாக வேண்டும். அந்த ஒரு டஜன்தான் குறைந்தது. ஃபோர்மன் பதவி எனக்கா வேறொருவருக்கா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் எமரித் துணியை எடுத்து, பல் பல்லாகத் தேய்த்தேன். கறை போய், கல்யாணத்துக்குத் துலக்கிய பாத்திரம்போல ஆயின. சரியென்று முத்திரையும் குத்தினேன். சாப்பிட்டுத் திரும்பிய லாசர் சாக்கைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.

"தோலைத் தொடச்சிட்டே. உள்ள வெந்தது வெந்ததுதானே, ஐயரே?"

"முத்திரை என்னோடது. உனக்கென்னய்யா?" என்றேன்.

இரண்டே மாதத்தில் சக்கரங்கள் திரும்பி வந்தன. பற்களில் விரிசல், சிலவற்றில் பல்லே இல்லை. மேட்டில் ஏறிய ஒரு லாரி பின்னால் உருண்டதாம், ஓட்டியவர் பிழைத்ததே பெரிது என்றார்கள். மானேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கல்லை ஓட்டியது யார் என்று கேட்டார். "லாசர்" என்றேன். நீர் பார்த்தபோது கறை இருந்ததா என்றார். "இல்லை சார்" என்றேன். லாசர் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் என் பேச்சுத்தான் எடுபட்டிருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் அவரைப் பொறியிலிருந்து எடுத்து, பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் கொட்டகையில் போட்டார்கள். "கருக்குன லாசரு" என்று பட்டறையில் ஒரு பெயரும் வந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டுச் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் என் வீட்டுக்கு வந்தார். "யாரோ உங்களைத் தேடிண்டு வந்திருக்கார்" என்று என் மனைவி சொன்னதும் எட்டிப் பார்த்தேன், லாசர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து திரும்பி வந்த சக்கரம் ஒன்றையும், சாராயத்தில் கலந்த அமிலம் கொஞ்சம் இருந்த சீசாவையும் எடுத்தார். பஞ்சில் நனைத்துப் பல்லில் தடவினார். நான் மினுக்கிய இடத்தில் கருப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"முத்திர குத்தறதுக்கு முன்னாடி இத்தத் தடவிப் பாருங்க சார். கண்ணு ஏமாந்துடும், இது ஏமாறாது" என்றார். அன்றுதான் முதல் தடவையாக என்னை "சார்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அமிலம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். கடையைச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சோதனையைப் பட்டறையில் நான்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். என் மூளையில் உதித்தது என்று மானேஜர் பாராட்டினார், ஃபோர்மனாகவும் ஆனேன். சொல்லிக்கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லாசர் கடைசி வரை ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஞானம்மாளிடம், "ஒரு விஷயம் சொல்லணும்மா" என்று தொடங்கினேன்.

"தெரியும் சார். அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றார் அவர். "நான் பட்டறைக்கு வந்து நாலு பேர் முன்னாடி கேக்கறேன்னேன். 'சும்மா இரு, அந்த ஐயரு கெட்டவரில்ல, பயந்துக்கினாரு. ஒரு நாளு அவரே சொல்லுவாரு'ன்னு அடக்கிட்டாரு. தெனமும் வேல முடிஞ்சு வந்தா சட்டையக் கழட்டிக்கினே, 'இன்னிக்கும் சொல்லல ஞானம்'னு சிரிப்பாரு."

அவர்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம். இத்தனை வருஷமாக அந்தக் கால் மணி தூரத்தை நான் நடக்கவில்லை.

லாசரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, என்மேல் அவர் வைத்திருந்த அந்த நம்பிக்கைதான். அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. பட்டறை நண்பர்களே, கருகிய சக்கரங்களை லாசர் ஒதுக்கித்தான் வைத்தார். எடுத்துத் தேய்த்து, முத்திரை குத்தி அனுப்பியவன் நான். பிறகு பொய் சொன்னவனும் நான். இந்த மூன்று வாக்கியத்தை நான் சொல்வதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.