ஆந்தைப் படைக்கு ஒரு அங்கவஸ்திரம்

என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. போடுகிற விமானத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஆரணியில் யாராவது விமானப்படையில் என்ன வேலை என்று கேட்டுவிட்டால், "குண்டு போடற ஸ்குவாட்ரன்" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார். கேட்டவர் ஓரடி தள்ளி நிற்பார். அந்த ஓரடிக்காகத்தான் இவர் அப்படிச் சொல்கிறார் என்பது என் கணிப்பு.

அந்தப் படைப்பிரிவு இப்போது இல்லை. விமானங்களுக்கு வயதாகிவிட்டது என்று கலைத்துவிட்டார்கள். ஆட்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். நான் அப்போது கைக்குழந்தையோடு குவார்ட்டர்ஸில் இருந்தேன். கடைசி நாள் அணிவகுப்பு முடிந்து வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் எழுந்து, கலைத்தது சர்க்கார்தான், நாங்கள் கலையவில்லை என்று அறிவித்தார். அன்றிலிருந்து அந்தப் பிரிவு எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் கேஸ் டியூபைச் சோதிப்பார். ஃபேனின் போல்ட்டை ஏணி போட்டு ஏறி ஆட்டிப் பார்ப்பார். ஸ்கூட்டரை எடுக்கும் முன் அதை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டி, பிறகுதான் ஏறுவார். சேவூர் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவதற்கு இத்தனை.

பிரிவின் சின்னம் ஆந்தை. இரவில் போய் இரவில் திரும்புகிற விமானங்கள் என்பதால் ஆந்தையாம். கல்யாணமான புதிதில் இவர் சட்டையில் அதைப் பார்த்த என் அம்மா, மாப்பிள்ளை அதைக் கழற்றி வைத்துவிட்டு விருந்துக்கு வருவாரா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். பட்டு நெய்கிற வீடு எங்களுடையது. அங்கே ஆந்தை என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள்.

போளூரில் இவருடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். ஒரே பிரிவு, ஒரே வேலை. இரண்டு பேர் சேர்ந்து குண்டு ஏற்ற வேண்டும் என்றால் அந்த இரண்டு பேர் இவர்கள்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு, பிரிவு தொடங்கிய நாளை இருவரும் வருடாவருடம் கொண்டாடினார்கள். கலைத்துப்போட்ட படைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள் இவர்கள் மட்டுமாகத்தான் இருப்பார்கள். கேக் முடிந்ததும் சண்டை தொடங்கும். கடைசி விமானம் கிளம்பிய அன்று மழை பெய்ததா இல்லையா என்பதை வைத்தே பல வருடம் ஓட்டினார்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சண்டை கிடையாது. போரின்போது இவர்கள் ஏற்றி அனுப்பிய விமானம் ஒன்று திரும்பவில்லை. ஓடுபாதை ஓரத்தில் விடியும்வரை இருவரும் வானத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். இதை இவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை.

கூட்டாளிக்குச் சில காலமாக மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை. போன பொங்கலுக்கு நாங்கள் போனபோது என் வீட்டுக்காரரைப் பார்த்து, யாருங்க நீங்க என்று மரியாதையாகக் கேட்டார். வாடா போடா என்றே பேசிப் பழகிய வாய் அது. இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அவனும் மறந்துட்டா, அந்த ராத்திரிய நெனைக்கறதுக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி" என்றார். இந்த மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எனக்கும் பயமாக இருந்தது.

கூட்டாளிக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. ஆந்தையைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று இவர் நம்பினார். பழைய பேட்ஜ் எதுவும் மிஞ்சவில்லை. போட்டோவில் இருந்த ஆந்தை பட்டாணி அளவு. ஆகவே தானே பென்சிலால் பெரிதாக ஒன்று வரைந்தார். அது ஆந்தைதான் என்று அவரே சொன்னபிறகு எனக்கும் புரிந்தது. என் சித்தப்பா மகன் முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிகளுக்கு வேலை கொடுக்கிறவன். அவனைக் கூப்பிட்டு, ஒரு பட்டு அங்கவஸ்திரம் வேண்டும், ஓரத்தில் இந்த ஆந்தை ஜரிகையில் வரவேண்டும் என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். செய்துவிடலாம் மாமா என்றான்.

இவர் படையில் இருந்தவர், சரி என்றால் சரி என்று எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். சரி என்பார்கள், பிறகு நமக்கு எது நல்லதோ அதை நெய்துகொண்டு வருவார்கள். என் கல்யாணத்துக்கு நான் மாம்பழ நிறம் கேட்டேன். அரக்குதான் வந்தது.

பிறந்தநாளுக்கு முந்தின மாலை தம்பி துண்டைக் கொண்டுவந்தான். இவர் பிரித்தார். ஓரத்தில் இரண்டு அன்னப்பறவைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, அலகில் பூங்கொடியோடு நின்றன. வேலைப்பாடு அருமை, குறை சொல்ல முடியாது.

"மாமா, நெய்றவங்க வூட்ல பொண்ணுக்கு நிச்சயம் ஆகிக்கீது" என்றான் தம்பி. "தறியில ஆந்தைய ஏத்த மாட்டேன்னுட்டாங்க. பெரியவர் தோள்ல போடறது, நல்லதா இருக்கட்டும்னு மாத்திட்டோம். ஒத்தையா வுடக்கூடாதுன்னு ஜோடியா போட்டுக்கீறாங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குண்டு போடுகிற ஸ்குவாட்ரனுக்கு அன்னப்பட்சியா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரி நாட்டுக்குப் போய்ப் பாலையும் தண்ணீரையும் பிரித்துவிட்டு வந்திருக்கலாமே என்று சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வேறு நெய்ய நேரமும் இல்லை.

காலையில் பஸ் பிடித்துப் போளூர் போனோம். கூட்டாளியைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்களையெல்லாம் வாங்க வாங்க என்றார். எங்களையும் அதே வாங்கதான். இவர் துண்டைப் பிரித்து அவர் தோளில் போட்டு, நம்ம ஸ்குவாட்ரனோடது என்றார். குரலில் தெம்பே இல்லை.

கூட்டாளி துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் கடுத்தது.

"இது இன்னாங்க, அன்னத்தப் போட்டு வச்சிக்கீறீங்க? எங்க ஸ்குவாட்ரனுக்கு ஆந்தைங்க."

இவர் கை அவர் தோள்மேல் அப்படியே நின்றது.

"எங்கூட ஆரணிக்காரன் ஒருத்தன் கீறான்" என்றார் கூட்டாளி, இவர் முகத்தைப் பார்த்தே. "அவங்கிட்ட இதக் காட்டுங்க, சும்மா வுடமாட்டான். பிளேன் திரும்பி வரலன்னு விடியற வரைக்கும் எங்கூட நின்னவன் அவன்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காட்டுகிறேன் என்றார்.

"அவன் நல்லாக் கீறானா?"

"நல்லாக் கீறான்" என்றார் என் வீட்டுக்காரர். "உங்களப் பத்தியே பேசிகினு கீறான்."