சந்தோஷமா, மேனியாவா?

தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டது ஒரு புதன்கிழமை மத்தியானம். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு ஆசிரியர் தேவை, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். போனை வைத்த பிறகும் சமையலறையையே சுற்றிச் சுற்றி வந்தேன். நோய் வந்து வேலையை விட்டவள் நான். இன்னொரு வகுப்பறைக்குள் கால் வைப்பேன் என்று நினைத்தே பார்க்கவில்லை.

எனக்கு இருப்பது பைபோலார். சில மாதங்கள் மனச்சோர்வு வந்து கட்டிலோடு கிடப்பேன். பிறகு ஒரு நாள் மனம் காற்றாடி மாதிரி மேலே கிளம்பிவிடும். அதைத்தான் மேனியா என்பார்கள். கடைசியாக அது வந்தபோது தூக்கமே இல்லாமல் வீட்டுச் சுவர் முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். அது வாடகை வீடு. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அடங்கியது. அதற்கப்புறம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறேன்.

பள்ளியிலிருந்து போன் வந்த சமயத்தில் ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தேன். மனம் மாறுவதற்கு முன்பே தூக்கம் மாறிவிடுகிறதா என்று பார்க்கிற ஆய்வு. கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். நான் தூங்குவதையும் நடமாடுவதையும் அது பதிந்துகொண்டே இருக்கும். ஆய்வில் என்னைக் கவனித்தவர் மதுரையிலிருந்து கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்த இளம் டாக்டர். "குதூகலமா இருக்கீங்களாக்கா?" என்று முதல் நாள் கேட்டார். குதூகலத்தை நான் பாடநூலில்தான் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே எழுந்து, கூடத்தில் வண்ணத்தாள்களைப் பரப்பி எழுத்துகள் வெட்டிக்கொண்டிருந்தேன். முந்தின இரண்டு ராத்திரியும் சரியான தூக்கமில்லை. மனசுக்குள் முதல் பாடம், இரண்டாம் பாடம், விளையாட்டு, பாட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தது. துறைமுகத்தில் லோரி ஓட்டும் என் கணவர் வேலைக்குக் கிளம்ப எழுந்து வந்தார். தாள்களுக்கு நடுவே என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மருந்து டப்பாவைப் போய்த் திறந்து பார்த்தார்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம். ஏனென்றால் மேனியா வந்தபோதும் எனக்கு இப்படித்தான் இனித்தது.

"மருந்து சாப்ட்டேங்க," என்றேன்.

"தெரியும்மா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்லா."

அவர் லீவு போட்டார். காலையில் மதுரை டாக்டருக்குப் போன் செய்தோம். உடனே வரச் சொன்னார். எனக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டரிடமும் தானே சொல்லி வைப்பதாகச் சொன்னார். கொமுட்டர் ரயிலில் டாக்டர் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை நான் வாய் மூடவில்லை. அதிகமாகப் பேசுகிறோமோ என்று நானே நிறுத்துவேன். அடுத்த ஸ்டேஷனுக்குள் மறுபடி ஆரம்பித்துவிடுவேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி உம் கொட்டிக்கொண்டு வந்தார்.

கடிகாரம் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார் டாக்டர். தூக்கம் குறைந்திருப்பது எனக்கே தெரிந்தது.

"இப்ப அசதியா இருக்காக்கா?" என்று கேட்டார்.

"கண்ணு எரியுது டாக்டர். ரயில்லயே படுத்துரலாம் போல இருந்துச்சு."

"சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சப்ப?"

யோசித்துப் பார்த்தேன். "அப்ப அசதியே இல்ல. தூக்கம்னு ஒண்ணு வேணும்னே தோணல."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேனியா வந்தா தூக்கம் கொறையும், ஆனா ஒடம்பு அதக் கேக்காது. ஒங்க ஒடம்பு கேக்குதுக்கா. வேல கெடச்சுச்சு, சந்தோஷம் தாங்கல. எனக்கு அப்படித்தான் தோணுது."

ஆனால் கடிகாரத்தையும் தன் எண்ணத்தையும் மட்டும் நம்பக்கூடாது என்று சொல்லிப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். அவர் நிதானமாக எல்லாம் கேட்டார்: செலவு, கோபம், ஏதாவது பெரிய திட்டம், பேச்சின் வேகம். கணவரிடம் தனியாகவும் கேட்டார். கடைசியில் அவரும் அதையேதான் சொன்னார். சீக்கிரம் படுக்க வேண்டும், காப்பியைக் குறைக்க வேண்டும், தூக்கம் வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

வெளியே வந்தால் மதுரை டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். சந்தோஷமும் மேனியாவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கிறது, பிரித்துச் சொல்லத்தான் இவ்வளவு பேரும் பாடுபடுகிறோம், என்னிடம் அது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று மூச்சுவிடாமல் பேசினார்.

"டாக்டர், நீங்களும் கொஞ்சம் தூங்குங்க லா," என்றார் என் கணவர்.

மூன்று பேரும் சிரித்தோம். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். எதையும் சாதித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வெறுமனே சந்தோஷமாக இருந்தேன், அது போதும் என்று இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினோம். கிள்ளான் வந்ததும் அவர்தான் என்னை எழுப்பினார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கதை சொன்னார்கள். ஒருத்தி தன் பூனைக்குக் கல்யாணம் என்றாள். ஓய்வு மணி அடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேண்டீனில் வாங்கிய நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பாதிதான் சாப்பிட முடிந்தது. அதற்குள் பிள்ளைகள் என் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.