பயிற்றுநர் தனலெட்சுமி தாமதிக்கவில்லை

செய்தியைச் சொன்னவள் ஷர்மிளா. புதன்கிழமை பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து காலுறையைக்கூடக் கழற்றவில்லை, கைப்பேசி அழைத்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பே வந்ததில்லை.

"லைப்ரரி, நம்ம கோச் போயிட்டாங்க லா. இன்னிக்கிக் காலையில. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சாம்."

லைப்ரரி என்பது அவள் எனக்கு வைத்த பட்டப்பெயர். அவளே தொடர்ந்தாள். "நான் அவங்ககிட்ட கடைசியா என்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

இருந்தது. அவளுக்குத் தெரியாத வேறொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. நாளைக் காலை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

பயிற்றுநர் தனலெட்சுமியை அறிந்த உங்களில் பலர் அவரை ஒரே ஓர் ஆட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறீர்கள். பதினாறு வயதுக்குட்பட்ட தேசியப் பெண்கள் காற்பந்து அணி ஷா ஆலமில் அரையிறுதியைக் கோட்டைவிட்ட ஆட்டம் அது. மாற்று ஆட்டக்காரரை இறக்குவதில் அவர் தாமதித்தார் என்று அன்றும் சொன்னீர்கள், துக்க வீட்டிலும் இரண்டு பேர் சொல்லக் கேட்டேன். அது உண்மையில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தேசிய அணியில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் கழித்தவர். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. "நான் பெஞ்சுல உக்காந்து தேய்ச்ச டிரவுசர அடுக்கி வச்சா ஒரு கடை போடலாம்" என்பார். சிரிப்பது நாங்கள்தான், அவர் சிரிக்க மாட்டார். ஆட்டம் நடக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. பக்கக்கோட்டை ஒட்டி நின்று, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். ஒரு மிடறு குடித்து நான் பார்த்ததில்லை.

கோலசிலாங்கூரில் நடந்த தேர்வில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அன்று நான் மோசமாக ஆடினேன். இரண்டு முறை பந்தை இழந்து, ஒருமுறை பந்து இல்லாமலேயே விழுந்தேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். அவமானத்தில் தலை குனிந்திருக்க வேண்டியவள், என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோச் எங்கள் வரிசைக்கு வந்தார்.

"அந்தப் பக்கத்து கோல்காவலர் பந்தை எந்தப் பக்கம் எறியறா?"

"வலது பக்கம், கோச்" என்றேன். "ஆனா பின்னால யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா, பாக்காமலே இடது பக்கம் எறிஞ்சிடறாங்க. மூனு தடவ அப்படி ஆச்சு."

என் பெயரை எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, செரண்டாவிலிருந்து வந்த பெண், அன்று திடலில் எல்லாரையும்விட வேகமாக ஓடியவள், வாயைப் பிளந்தாள். "அடியே, காலுக்குத்தான் சீட்டுன்னு நெனச்சேன். கண்ணுக்குக்கூடக் குடுக்கறாங்களா? வேற என்னா படிப்ப நீ, லைப்ரரி?" அவள்தான் ஷர்மிளா. என்னுடைய அந்தப் பெயர் அன்று வந்தது.

அணியில் சேர்ந்த பிறகுதான் கோச்சின் முறை எங்களுக்குத் தெரிந்தது. பெஞ்சில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஓர் ஆட்டக்காரரை ஒப்படைப்பார். அந்த ஒருத்தியை மட்டுமே பார்க்க வேண்டும். எதையாவது கண்டுபிடித்தால் உடனே எழுந்து போய் அவரிடம் சொல்ல வேண்டும். சிக்கல் எங்கே என்றால், நாம் ஆடும் இடத்துக்கு எதிரே நிற்பவளை நமக்குத் தர மாட்டார். நான் இடது ஓரத்தில் ஆடுபவள். எனக்கு, எங்கள் வலது ஓரத்தில் ஆடுபவள் மோதவேண்டியவளைக் கொடுப்பார். வலது ஓரத்தில் ஆடும் ஷர்மிளாவுக்கு, நான் மோதவேண்டியவளைக் கொடுப்பார். அதாவது, நான் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் திடலில் இறங்கப்போவது நானல்ல, ஷர்மிளா.

"இது என்னா நியாயம் கோச்? நான் மீன் புடிப்பேன், இவ சாப்டுவாளா?" என்று ஷர்மிளா ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"உன் எடத்தையே பாத்தா உன்னைத்தான் பாப்ப" என்றார் கோச். "நான் ஒம்பது வருசம் அப்படித்தான் பாத்தேன். ஒரு மண்ணும் தெரியல."

புதியவர்களைத் துணிந்து இறக்குவார் என்று பத்திரிகைகள் எழுதின. துணிச்சல் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் சொல். யாரோ ஒருத்தி பெஞ்சில் இருந்து பார்த்துச் சொன்னதை நம்பித்தான் அவர் ஒவ்வொருவரையும் இறக்கினார். அப்படி இறக்கிவிட்டால் பிறகு பின்வாங்க மாட்டார். பாசிர் பெனம்பாங்கில் மீன் கடை வைத்திருப்பவரின் மகள் சியூ லிங், தன் முதல் ஆட்டத்தில் இறங்கிய நான்காம் நிமிடத்திலேயே பந்தைத் தவறவிட்டு எதிரணிக்கு ஒரு கோலை விட்டுக்கொடுத்தாள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர், அவளை வெளியே எடு என்று விடாமல் கத்தினார். கோச் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"எறக்குனவ நான். கத்தணும்னா என் மூஞ்சப் பாத்துக் கத்து!"

அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். சியூ லிங் கடைசி வரை ஆடினாள். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து தற்காப்பில் அவளை விட்டால் வேறு ஆளில்லை என்று ஆனது.

இனி ஷா ஆலம் ஆட்டம். எதிரில் அண்டை நாட்டு அணி. வென்றால் அரையிறுதி, சமநிலை என்றால்கூட வீடு. நான் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடியிருக்கவில்லை. லோரி ஓட்டும் என் அப்பா அன்று விடுப்பு எடுத்து, புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு வேன் நிறைய அக்கம்பக்கத்தாரை அழைத்து வந்திருந்தார். "அஞ்சு நிமிசம் ஆடுனாப் போதும்டா. நான் போட்டோ புடிச்சிக்கறேன்" என்றார். காலையில் கோச்சும், "இன்னிக்கி நீ ரெடியா இரு" என்று சொல்லியிருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது கோல் எதுவும் விழவில்லை. எங்கள் பக்கம் இருவருக்குக் காயம். இடைவேளையில் இருவரை மாற்றியாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு மாற்றம். பெஞ்சில் ஓர ஆட்டக்காரர்கள் ஷர்மிளாவும் நானும்தான்.

எனக்குக் கொடுக்கப்பட்டவள் எதிரணியின் மூன்றாம் எண், இடது தற்காப்பு. ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் அதைப் பார்த்தேன். தன்னைத் தாண்டிப் போகும் பந்தின் பின்னால் ஓட அவள் எப்போதும் வலது பக்கமாகவே திரும்பினாள். பந்து அவளுக்கு இடப்புறம், பக்கக்கோட்டை ஒட்டிப் போனாலும்கூட, முழு வட்டமடித்து வலது பக்கமாகவே திரும்பினாள். இடது முழங்காலில் பாரத்தைப் போட அஞ்சுகிறாள். வேகமாக ஓடும் ஒருத்தி கோட்டை ஒட்டிப் போனால் அவளால் பிடிக்கவே முடியாது. வேகமாக ஓடும் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

கோச் திரும்பி, "யாராச்சும் எதாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"என்னோட ரெண்டாம் நம்பரு எச்சி துப்பிக்கிட்டே இருக்கா கோச். வேற ஒன்னும் செய்யல" என்றாள் ஷர்மிளா. நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கோச் தானாக முடிவெடுப்பார். காலையில் ரெடியாக இருக்கச் சொன்னது என்னைத்தான். என் மனத்தில் ஓடிய கணக்கு இவ்வளவுதான். அதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு ஆண்டுகளாகத் தேடிவிட்டேன். இல்லை.

மீண்டும் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். அப்போது என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது, என் பெயரைச் சொல்லி. அறுபத்து நான்காம் நிமிடத்தில் அவர்கள் கோல் அடித்தார்கள்.

அதன் பிறகுதான் ஓடிப்போய்ச் சொன்னேன். கோச்சின் கையில் போத்தல் மூடி அப்படியே நின்றது.

"எப்ப பாத்த?"

"இப்பதான் கோச்."

ஒரு நொடிதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஷர்மிளா! மேலங்கியக் கழட்டு!"

ஷர்மிளா அன்று ஆடியதை நீங்களும் பார்த்தீர்கள். கோட்டை ஒட்டி ஆறு முறை ஓடினாள். ஆறு முறையும் மூன்றாம் எண் வட்டமடித்து நின்றாள். ஆறாவது முறை ஷர்மிளா தட்டிக் கொடுத்த பந்து கோலானது, ஒன்றுக்கு ஒன்று. ஏழாவது முறை ஓடத் தொடங்கியபோது நடுவர் விசில் ஊதிவிட்டார்.

உடைமாற்றும் அறையில் ஷர்மிளா அழவில்லை. கோச்சுக்கு நேரே போய் நின்றாள். "பத்து நிமிசம் முன்னாடி எறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போம். உங்களாலதான் வெளிய போறோம். நீங்க பெஞ்சுலயே இருந்திருக்கலாம்."

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். கோச் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஆமா, லேட்டாயிருச்சு. என் தப்பு" என்றார்.

நிருபர்களிடமும் அதையே சொன்னார். ஷர்மிளா அணியிலிருந்து விலகினாள். அடுத்த ஆண்டு கோச்சின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர் கோலசிலாங்கூருக்குத் திரும்பி மாவட்டப் பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டார். நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

எட்டு மாதம் கழித்து, பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவரிடம் சொன்னேன். முழுதாகச் சொல்ல விடவில்லை.

"தெரியும். பன்னெண்டு நிமிசம். எந்திரிச்சி எந்திரிச்சி உக்காந்தியே, எனக்குக் கண்ணில்லையா?"

"அப்பறம் ஏன் கோச் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"பின்ன? பதினஞ்சு வயசுப் புள்ள பேரு பேப்பர்ல வரணுமா?"

"கோவம் இல்லியா கோச்?"

பையின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "இருக்கு. நெறைய இருக்கு" என்றார். "ஷர்மிளாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வாரமே சனிக்கிழமை ஆட்டத்தில், முதல் நிமிடத்திலிருந்தே ஆடும் பதினொருவரில் என் பெயர் இருந்தது. நம்ப முடியாமல் அவரைப் பார்த்தேன். "என்னா பாக்கற? போய் ஆடு" என்றார். அன்று முழுக்க என்னோடு வேறு எதுவும் பேசவில்லை. பேச்சு பழையபடி ஆக மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் ஒவ்வோர் ஆட்டத்திலும் என்னை இறக்கினார்.

ஷர்மிளாவிடம் நான் சொல்லவில்லை. செரண்டா தூரம், தேர்வு நேரம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். கோச் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை.

வியாழக்கிழமை காலை ஜெராமில் அவருடைய அண்ணன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஷர்மிளா தன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவளை, வேன்கள் நிறுத்தியிருந்த செம்பனை மரங்களின் ஓரத்துக்கு அழைத்துப் போனேன். காலணிக் கயிறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன நிமிசம்?"

"பன்னெண்டு."

அவள் என்னை அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசம்டி. நடுவுல கோச் ரெண்டு தடவ போன் பண்ணாங்க. நான் எடுக்கல." குரல் உடைந்தது. "நீ சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்ல?"

"மன்னிச்சிரு ஷர்மி."

"மாட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத எழுது. ஒனக்குத்தான் எழுத வருமே. எதையும் மறைக்காம எழுது. நான் அவங்கள என்னா சொன்னேன்னும் எழுது, விடாத."

பிறகு உள்ளே போனாள். கோச்சின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தவள், உடலை எடுத்துச் செல்லும் வரை எழுந்திருக்கவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றேன். அவள் அதன்பின் என்னோடு பேசவில்லை.

எழுதிவிட்டேன். ஷா ஆலமில் தாமதித்தவள் நான். கோச் தனலெட்சுமி மூன்று முறை கேட்டார். பதில் கிடைத்த மறு நொடியே செயல்பட்டார். இனி அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது தயவுசெய்து இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று மாதங்களை. கோபம் கொஞ்சமும் குறையாத ஒருவர், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காத நாட்களிலும், என் பெயரைப் பட்டியலில் எழுதினார். அடுத்த மாதம் அவர் நினைவாகக் கோலசிலாங்கூர் திடலில் ஓர் ஆட்டம் நடக்கிறது. ஷர்மிளா வருவதாக ஏற்பாட்டாளரிடம் சொல்லியிருக்கிறாளாம். என்னோடு ஒரே அணியில் ஆடச் சம்மதமா என்று கேட்டதற்கு, "வலது ஓரம் எனக்கு. அவ இடது ஓரத்துல இருக்கட்டும். பேச மாட்டேன், ஆனா பந்து குடுப்பேன்" என்றாளாம்.