விசுவமடுவில் ஒரு கடல்

மரியநேசனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து முல்லைத்தீவுக் கடல்தான். தொண்ணூற்றாறில் சண்டையால் இடம்பெயர்ந்து, கடலில்லாத விசுவமடுவில் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டுக் குடியிருந்தார். பின்னேரங்களில் கண்ணை மூடிக் காட்டுக்காற்றைக் கேட்டபடி இருப்பார். மரங்களுக்குள்ளால் வரும் காற்று அலை மாதிரித்தான் கேட்கும். தோட்டக்காரனான எனக்கே சில நேரம் கால் நனைவதுபோல இருக்கும்.

அவருடைய மனைவி அருளம்மாவுக்கு ஒரேயொரு கேள்விதான். மகன் றொனால்ட், மாரிக்கடலில் வள்ளம் கவிழ்ந்து போன இடம் எது? கூடப் போய்த் தப்பி வந்தவர் தகப்பன் மட்டும்தான். அவரோ வாய் திறப்பதில்லை. ஆத்துமாக்கள் திருநாளில் எல்லோரும் செத்துப்போன தங்கள் ஆட்களுக்கு மெழுகுதிரி கொளுத்த, அருளம்மா எந்தப் பக்கம் பார்த்துக் கொளுத்துவதென்று தெரியாமல் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படியும் ஒரு மனுசனா?

அடுத்த மாரியில் கோயில் சார்ந்த உதவி நிறுவனம் ஒன்று மரக்கன்றுகள் கொடுத்தது. உலகம் சூடேறி மழை தப்பிப் போகிறது, முதலில் பட்டினி கிடக்கப்போவது ஏழைகள்தான் என்று அதிலிருந்து வந்த நேசமலர் சிஸ்டர் விளங்கப்படுத்தினார். கூரைக்குத் தகரம் இல்லாத நாங்கள் உலகத்தின் சூட்டைத் தணிக்க வேண்டுமாம். சிரித்தோம். ஆனாலும் நட்டோம், வேலியோரம் வரிசையாக.

மரியநேசன் மட்டும் தன் நாலு கன்றையும் முற்றத்தில் கண்டபடி நட்டிருந்தார். ஆடு கட்ட இடமில்லையென்று அருளம்மா ஏசினார். பார்க்க வந்த சிஸ்டர், வேர் பிடிக்க முதல் பிடுங்கி வேலியோரம் நடச் சொன்னார். மனுசன் குறுக்கே நின்றுவிட்டார்.

பிறகு சிஸ்டரை முற்றத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார். கடலில் ஓரிடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றையொன்று மறைக்கும்வரை வள்ளத்தை ஓட்டுவார்களாம். இன்னொரு சோடியும் அப்படி மறைத்தால் அதுதான் இடமாம்.

"முன்னுக்கு நிக்கிற முருங்கை, கரையில நிக்கிற ஒற்றைப் பனை. பின்னால வேம்பு, எங்கட மாதா கோயில் கோபுரம். மற்றப் பக்கத்துக் கன்று ரெண்டும் வெளிச்சவீடும் பழைய மடமும். நீங்கள் நிக்கிறது என்ர பிள்ளை போன இடம், சிஸ்டர்."

சிஸ்டர் மெல்ல விலகினார். கன்று பிடுங்குகிற கதையை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

அருளம்மா கொட்டில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீயும் அந்தத் தண்ணியில போய் இறங்கியிருப்பாய்."

அருளம்மா வந்து அந்த இடத்தில் குந்தியிருந்தார். உள்ளங்கையை மண்ணில் வைத்துத் தடவினார்.

"இஞ்ச தண்ணியில்லைத்தானே" என்றார்.